அவளும் அவரும்: தொடக்ககாலப் பெண் இதழாளர்களின் குற்றச்செய்தி மொழி

1. முன்னுரை

குற்றச்செய்தி நடந்ததை நடந்தவாறு கூறும் உரைநடை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கும் முன்பே செய்திமொழி ஒரு தீர்ப்பை எழுதிவிடுவதுண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் எப்பெயரால் சுட்டப்படுகிறார், எவ்வினைக்கு எழுவாயாகிறார், அவரைப் பற்றி எவை கூறப்படுகின்றன, எவை விடப்படுகின்றன என்பனவெல்லாம் அத்தீர்ப்பின் உறுப்புகளாகும். குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணாக இருக்கும்போது இவ்வுறுப்புகள் மேலும் வெளிப்படையாகச் செயற்படுகின்றன.

அமெரிக்க நாளிதழ்களில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்கள் செய்தியாளர்களாக நுழைந்தபோது, மகளிர் பக்கத்துக்கு வெளியே அவர்களுக்குத் திறந்த சில வாயில்களுள் குற்றவியல் நீதிமன்றமும் ஒன்று. நெல்லி பிளை 1887-இல் நியூயார்க் நகர மனநல விடுதியொன்றில் மாறுவேடத்தில் தங்கி எழுதிய கட்டுரைகள் பெண் செய்தியாளரின் துணிவுக்குச் சந்தை மதிப்பு உண்டென்பதைப் பத்திரிகை உரிமையாளர்களுக்கு உணர்த்தின. 1907-இல் நியூயார்க்கில் நடைபெற்ற ஹாரி தா கொலை வழக்கைப் பற்றி எழுதிய பெண் செய்தியாளர்களுக்கு, விம்மி அழும் சகோதரிகள் என்னும் பொருள்பட ஓர் ஏளனப் பெயர் சூட்டப்பட்டது. பெண் எழுதினால் செய்தி கண்ணீராகிவிடும் என்பதே அப்பெயரின் உட்கிடை. இதனைத் தமிழில் 'ஒப்பாரிச் சகோதரிகள்' என்று பெயர்க்க ஒருவர் முற்படலாம். ஆனால் ஒப்பாரி தமிழ்ப் பெண்களின் வாய்மொழிப் படைப்பாற்றலுக்குரிய ஒரு வடிவம். அச்சொல்லை இங்கு ஆள்வது, மூலத்திலுள்ள ஏளனத்தை ஒப்பாரியின் மீதும் ஏற்றிவிடும். ஒரு பட்டப்பெயரைப் பெயர்ப்பதிலேயே இத்தகைய சிக்கல் எழுமாயின், வழக்குச் செய்திகளையும் அவற்றிலிருந்து பிறந்த இலக்கியங்களையும் பெயர்ப்பதில் எழும் சிக்கல்கள் எத்தகையனவாக இருக்கும் என்பது எண்ணத்தக்கது.

சூசன் கிளாஸ்பெல், மோரீன் வாட்கின்ஸ், ஐடா பி. வெல்ஸ் ஆகிய மூவரின் எழுத்துகளை முன்வைத்து இக்கட்டுரை ஒரு கருத்தை நிறுவ முயல்கிறது. பெண் எழுதுவதால் மட்டுமே குற்றச்செய்தியின் மொழி பெண்ணுக்கு நேர்மையானதாகிவிடுவதில்லை. எதனைச் சான்று என்று கொள்வது என்னும் வரையறை மாறும்போதுதான் மொழியும் மாறுகிறது. அம்மாற்றத்தைத் தமிழில் கொண்டுவர முனையும் மொழிபெயர்ப்பாளர், தமிழின் இடப்பெயர் அமைப்பு முன்வைக்கும் ஒரு தேர்வைத் தவிர்க்க இயலாது.

2. ஹோசாக் வழக்கும் செய்தியாளர் கிளாஸ்பெல்லும்

சூசன் கிளாஸ்பெல் 1876-இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் பிறந்தவர். டிரேக் பல்கலைக்கழகத்தில் 1899-இல் பட்டம் பெற்றபின் 'டெமாய்ன் டெய்லி நியூஸ்' நாளிதழில் செய்தியாளராகப் பணியாற்றினார். 1900 டிசம்பர் முதல் நாள் இரவு, வாரன் மாவட்டத்து உழவர் ஜான் ஹோசாக் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தபோது கோடரியால் தாக்கப்பட்டு இறந்தார். அவருடைய மனைவி மார்கரெட் ஹோசாக் ஒன்பது பிள்ளைகளின் தாய். கணவரின் அருகில் உறங்கியிருந்ததாகவும், ஓர் ஒலி கேட்டு விழித்ததாகவும், தாக்கியவரைக் காணவில்லை என்றும் அவர் கூறினார். கணவரின் உடலடக்கம் நிகழ்ந்த நாளிலேயே அவர் கைது செய்யப்பட்டார். 1901 ஏப்ரலில் இண்டியனோலா நகர நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு வாழ்நாள் சிறைத்தண்டனை பெற்றார். மாநில உச்சநீதிமன்றம் 1902-இல் அத்தீர்ப்பை நீக்கியது. 1903-இல் நடந்த மறுவிசாரணையில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர இயலாமற்போகவே அவர் விடுவிக்கப்பட்டார். இரண்டு விசாரணைகளிலும் நடுவர் அனைவரும் ஆண்களே.

இவ்வழக்கைப் பற்றிக் கிளாஸ்பெல் இருபத்தாறு செய்திகள் எழுதினார் என்பதை லிண்டா பென்-ஸ்வி 1992-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. இச்செய்திகளில் இரு மொழிநிலைகளைக் காணலாம். தொடக்கச் செய்திகளில் மார்கரெட் ஹோசாக் உயரமும் உடல்வலிமையும் மிக்கவராகவும், உணர்ச்சியை வெளிக்காட்டாதவராகவும், சினமுற்றால் அஞ்சத்தக்கவராகவும் காட்டப்படுகிறார். ஊரார் பேசுவதாகக் கூறும் வதந்திகள், யார் கூறினார் என்னும் குறிப்பின்றி, செய்தியாக நிற்கின்றன. உடலின் தோற்றமே குணத்தின் அறிகுறி, குணமே குற்றத்தின் சான்று என்னும் ஏரணம் இவ்வரிகளை இயக்குகிறது. இம்மொழி கிளாஸ்பெல் புதிதாகப் படைத்தது அன்று. நாளிதழ் நாள்தோறும் வழங்கிவந்த வாய்பாடுகளை இளம் செய்தியாளர் ஒருவர் எடுத்தாண்டார் என்பதே பொருந்தும்.

கொலை நிகழ்ந்த பண்ணை வீட்டுக்குக் கிளாஸ்பெல் நேரில் சென்று வந்தபின் அவருடைய நடை மாறுவதைப் பென்-ஸ்வி சுட்டுகிறார். அதன்பின் குற்றம் சாட்டப்பட்டவர் முதுமையும் தளர்ச்சியும் உற்றவராக, தாயாக விவரிக்கப்படுகிறார். விசாரணையின்போது காவல் அலுவலரின் மனைவி அவருக்கு அருகில் அமர்ந்து கண்ணீரைத் துடைத்துக்கொண்ட செய்தியும் பதிவாகிறது.

இம்மாற்றத்தைப் பரிவின் வெற்றி என்று மட்டும் கொள்வது போதாது. இரண்டாம் நிலையிலும் விவரிக்கப்படுவது உடலே. முதல் நிலையில் வலிய உடல் குற்றத்தைக் காட்டியது. இரண்டாம் நிலையில் மெலிந்த உடல் இரக்கத்தைக் கோரியது. அடைமொழிகள் மாறின, ஏரணம் மாறவில்லை. ஜான் ஹோசாக் தம் குடும்பத்தாரிடம் கடுமையாக நடந்துகொண்டவர் என்பது அயலார் அறிந்த செய்தி. அக்கடுமையை மனைவி பட்ட துன்பமாகக் கேட்க நீதிமன்ற மொழியில் இடமில்லை. கொலைக்கான நோக்கமாக மட்டுமே அது அங்குப் பொருள்பட்டது. அவர் அடிக்கப்பட்டார் என்று கூறுவதே அவருக்கு எதிரான சான்றாயிற்று. இந்த இறுக்கத்தைச் செய்தி வடிவத்துக்குள் நின்று அவிழ்க்கும் வழி அன்றைய கிளாஸ்பெல்லுக்கு வாய்க்கவில்லை. விசாரணை முடிந்த 1901-ஆம் ஆண்டிலேயே அவர் நாளிதழ்ப் பணியை விட்டுப் புனைகதைக்குத் திரும்பினார்.

3. செய்தியிலிருந்து நாடகத்துக்கு

பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், 1916 ஆகஸ்ட் 8-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிராவின்ஸ்டவுனில் கிளாஸ்பெல்லின் 'டிரைஃபிள்ஸ்' என்னும் ஓரங்க நாடகம் முதன்முதலாக மேடையேறியது. திருமதி ஹேல் என்னும் பாத்திரத்தைக் கிளாஸ்பெல்லே ஏற்று நடித்தார். அடுத்த ஆண்டில் அதே கதையை 'எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்' என்னும் சிறுகதையாக எழுதினார்.

நாடகத்தில் ஜான் ரைட் என்னும் உழவர் கழுத்தில் கயிறு இறுக்கப்பட்டு இறந்திருக்கிறார். அவர் மனைவி சிறையில் இருக்கிறார். அரசு வழக்குரைஞர், காவல் அலுவலர், அயலவர் ஒருவர் ஆகிய மூன்று ஆண்கள் நோக்கத்துக்கான சான்று தேடி மாடிக்கும் தொழுவத்துக்கும் செல்கின்றனர். காவல் அலுவலரின் மனைவியும் அயலவரின் மனைவியும் சமையலறையிலேயே இருக்கின்றனர். பாதியில் நின்ற வேலைகள், ஒழுங்காகத் தொடங்கி ஓரிடத்தில் தாறுமாறாகிவிட்ட தையல், கதவு பிய்ந்த பறவைக் கூண்டு, தையற்பெட்டியில் பட்டுத்துணியில் சுற்றிவைக்கப்பட்ட கழுத்து முறிந்த பாடும் பறவை என ஒவ்வொன்றாக அவர்கள் கண்ணில் படுகின்றன. ஆண்கள் தேடும் நோக்கம் பெண்களின் கைக்குக் கிடைக்கிறது. அவர்கள் அதனை மறைத்துவிடுகின்றனர்.

செய்திகளோடு ஒப்பிடும்போது மூன்று மாற்றங்கள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, குற்றம் சாட்டப்பட்ட பெண் மேடைக்கு வருவதேயில்லை. இருபத்தாறு செய்திகளில் மீண்டும் மீண்டும் விவரிக்கப்பட்ட உடல் இங்கே அறவே நீக்கப்பட்டுள்ளது. பார்ப்பதற்கு உடல் இல்லாதபோது, பார்ப்போர் அவர் வாழ்ந்த அறையைப் பார்க்க வேண்டியவராகின்றனர். இரண்டாவது, கோடரி கயிறாயிற்று. ஒன்பது பிள்ளைகளின் தாய் பிள்ளையற்றவரானார். தாய்மையின் பெயரால் இரக்கம் கோரும் செய்தி வாய்பாட்டை நாடக ஆசிரியர் கைவிட்டார் என்பதை இது காட்டுகிறது. மூன்றாவது, பெயரிடலில் நிகழும் மாற்றம். ஆண்கள் அப்பெண்ணைத் திருமதி ரைட் என்றே சுட்ட, திருமதி ஹேல் மணத்துக்கு முன்னிருந்த மின்னி ஃபாஸ்டர் என்னும் பெயரை நினைவுகூர்கிறார். கணவனின் பெயரால் மட்டும் அறியப்பட்டவர் தம் பெயரைப் பெறுகையில் அவருக்கு ஒரு வரலாறும் கிடைக்கிறது. சிறுகதையில் இப்போக்கு மேலும் வளர்கிறது. நாடகத்தில் திருமதி ஹேல் என்று மட்டும் அறியப்பட்டவர், கதையில் மார்த்தா ஹேல் ஆகிறார். கதை அவர் நோக்கிலிருந்தே சொல்லப்படுகிறது.

இங்குக் கிளாஸ்பெல் சாதித்தது சான்றின் வரையறையை மாற்றியதாகும். 'இங்கே சமையலறைப் பொருள்களைத் தவிர வேறொன்றுமில்லை' என்னும் போக்கில் ஆண்கள் கடந்து செல்லும் இடம் முழுவதும் சான்றுகளால் நிறைந்திருக்கிறது. அவற்றைப் படிக்கும் திறன் சட்டக்கல்வியால் வருவது அன்று. அவ்வேலைகளைத் தாமும் செய்த பழக்கத்தால் வருவது. ஒரு மொழியை அறியாதவர் அம்மொழி நூலைக் கையில் வைத்திருந்தும் படிக்க இயலாததைப் போன்றதே அவ்வாண்களின் நிலை. அவ்வகையில் இரு பெண்களும் மொழிபெயர்ப்பாளர்களாகின்றனர். தாம் படித்ததைப் பெயர்த்துச் சொல்ல மறுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் என்பதே அவர்களின் தனித்தன்மை. இம்மறுப்பு அறமா குற்றமா என்னும் வினாவை நாடகம் விடுவிக்கவில்லை. இறந்தவருக்கும் நீதி கோரும் உரிமை உண்டு என்பதை அது மறந்துவிடவும் இல்லை. காவல் அலுவலரின் மனைவி இறுதிவரை தயங்குவது அதனால்தான்.

4. தோற்றமே சான்றாதல்: சிகாகோ, 1923-1926

கிளாஸ்பெல் கைவிட்ட வாய்பாடு நாளிதழ்களில் வலுவோடு தொடர்ந்தது. அது எத்தகைய விளைவைத் தரும் என்பதைச் சிகாகோ நகர வழக்குகள் காட்டுகின்றன. இத்தாலியிலிருந்து குடியேறிய சபெல்லா நிட்டி, கணவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1923-இல் தூக்குத்தண்டனை விதிக்கப்பெற்றார். அவர் ஆங்கிலம் அறியாதவர். தென் இத்தாலியக் கிளைமொழி ஒன்றைப் பேசியவர். தம் உயிரைப் பற்றிய விசாரணை தமக்கு விளங்காத மொழியில் நடப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழில் அவ்வழக்கைப் பற்றி எழுதிய செய்தியாளர் ஜெனிவீவ் ஃபோர்ப்ஸ் ஒரு பெண்ணே. ஆயினும் அவருடைய வரிகளில் நிட்டி அழுக்கும் குறுகலும் உடையவராக, விலங்கை நினைவூட்டும் உவமைகளால் விவரிக்கப்பட்டார். எழுதியவர் பெண் என்பது இங்கு எவ்வித வேறுபாட்டையும் விளைவிக்கவில்லை. வகுப்பும் இனமும் மொழியும் பாலினத்தை விஞ்சி நின்றன.

மேல்முறையீட்டில் நிட்டிக்காக வாதாடியோருள் ஒருவரான ஹெலன் சிரேஸி என்னும் இளம் வழக்குரைஞர், நிட்டியின் முடியையும் உடையையும் திருத்தி, ஆங்கிலம் கற்க உதவியதாக வரலாறு கூறுகிறது. 1924-இல் இலினாய் மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது. பின்னர் வழக்கு கைவிடப்பட்டது. சட்டக் காரணங்களால் தீர்ப்பு நீங்கியது உண்மையே. எனினும் தோற்றத்தின் இலக்கணத்தை அறிந்த ஒருவர் அதனைக் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது என்பதும் கருதத்தக்கது.

1924-இல் அதே நாளிதழில் சேர்ந்து சில திங்கள் மட்டுமே பணியாற்றிய மோரீன் வாட்கின்ஸ், பியூலா அனன், பெல்வா கார்ட்னர் என்னும் இருவரின் வழக்குகளைப் பற்றி எழுதினார். இருவர் மீதும் ஆண் நண்பரைச் சுட்டுக்கொன்றதாகக் குற்றச்சாட்டு. வாட்கின்ஸ் ஒருத்தியின் அழகையும் மற்றவரின் நாகரிக உடையையும் விரிவாக வருணித்தார். அவ்வருணனைகள் அங்கதத் தொனி கொண்டவை. நடுவர்கள் அழகில் மயங்குவதை எள்ளுபவை. ஆனால் நாளிதழ் வாசகர் பலருக்கு அங்கதம் எட்டவில்லை. அழகு மட்டும் எட்டியது. இருவரும் விடுதலை பெற்றனர். அங்கதம் தொனியில் மட்டும் தங்கி, சொற்கள் பழைய வாய்பாட்டிலேயே நின்றால் அது எதிர்விளைவைத் தரும் என்பதற்கு இது சான்று.

வாட்கின்ஸ் இதனை நாடகமாக்கினார். 1926 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறிய 'சிகாகோ' என்னும் நாடகத்தில், கொலையாளியோடு செய்தித்தாளும் வழக்குரைஞரும் நடுவர்களும் குற்றக்கூண்டில் நிறுத்தப்படுகின்றனர். அந்நாடகத்திலிருந்து 1975-இல் இசைநாடகமும் 2002-இல் திரைப்படமும் தோன்றின. திரைப்படத்தில் ஹங்கேரிய மொழி மட்டும் அறிந்த ஒரு பெண் தூக்கிலிடப்படுகிறார். தன் நிலையை அவர் விளக்கும் சொற்கள் பெயர்க்கப்படாமலேயே விடப்பட்டுள்ளன. பார்ப்போரில் பெரும்பாலோர் நிட்டியின் நடுவர்கள் இருந்த இடத்தில் அமர்த்தப்படுகின்றனர்.

5. குற்றச்சாட்டின் சொல்லைச் சான்றாக்கல்: ஐடா பி. வெல்ஸ்

கிளாஸ்பெல்லும் வாட்கின்ஸும் செய்தி வடிவத்தை விட்டு நாடகத்துக்குச் சென்றே தம் கருத்தை முழுமையாகக் கூற முடிந்தது. இவர்களுக்குக் காலத்தால் முற்பட்ட ஒருவர் இதழியலுக்குள்ளேயே நின்று வேறொரு வழியைக் கண்டார் என்பதால் அவரை இறுதியில் நோக்குவது பொருந்தும். 1862-இல் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமை நிலையில் பிறந்த ஐடா பி. வெல்ஸ், மெம்பிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' இதழின் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸ் உள்ளிட்ட மூன்று கறுப்பின வணிகர்கள் வெள்ளையர் கும்பலால் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். கும்பல் கொலைகளுக்கு அன்று கூறப்பட்ட வழக்கமான காரணம் வெள்ளைப் பெண்களின் கற்பைக் காத்தல் என்பது. கொல்லப்பட்ட மூவர் மீதும் அத்தகைய குற்றச்சாட்டே இல்லை. அக்காரணத்தை ஐயுற்று வெல்ஸ் மே மாதத்தில் ஒரு தலையங்கம் எழுதினார். அவர் வெளியூர் சென்றிருந்தபோது இதழின் அலுவலகம் அழிக்கப்பட்டது.

அத்தலையங்கம் கையொப்பமின்றி வெளிவந்தது. மெம்பிஸின் வெள்ளையர் நாளிதழ்கள் அதனை எழுதியவர் ஆண் என்றே கொண்டு, ஆணுக்குரிய உடல்தண்டனையால் மிரட்டின. கையொப்பம் இல்லாத உரைக்குப் படிப்போர் தாமே ஒரு பாலினத்தை வழங்கிவிடுகின்றனர் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

'சதர்ன் ஹாரர்ஸ்' (1892), 'எ ரெட் ரெக்கார்ட்' (1895) ஆகிய நூல்களில் வெல்ஸ் கையாண்ட முறை மொழியியலார் கவனத்துக்குரியது. கொலைகளைப் பற்றிய தரவுகளை அவர் வெள்ளையர் நடத்திய நாளிதழ்களிலிருந்தே, குறிப்பாகச் 'சிகாகோ டிரிப்யூன்' தொகுத்த பட்டியல்களிலிருந்தே எடுத்தார். கொல்லப்பட்டோரை அவர்கள் மீது கூறப்பட்ட குற்றச்சாட்டின் அடிப்படையில் வகைப்படுத்தினார். பாலியல் வன்முறை என்னும் குற்றச்சாட்டே கொலைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத்தான் கூறப்பட்டிருந்தது என்பது அவ்வகைப்பாட்டால் வெளிப்பட்டது. எதிரியின் சொற்களை அவர் மறுக்கவில்லை, அடுக்கிவைத்தார். அடுக்கியபின் அச்சொற்கள் தம்மைத் தாமே மறுத்தன. கறுப்பினப் பெண்கள் மீது வெள்ளை ஆண்கள் நிகழ்த்திய வன்முறைகள் குற்றமாகவே எண்ணப்படாததையும் அவர் பதிவு செய்தார். 'பெண்ணைக் காத்தல்' என்னும் தொடரில் 'பெண்' என்னும் சொல் எல்லாப் பெண்களையும் குறிக்கவில்லை என்பதை இவ்வாறு அவர் மெய்ப்பித்தார்.

இத்தகைய கொலைகளை விசாரித்தோர் 'அறியப்படாத நபர்களால்' நிகழ்ந்தது என எழுதி முடிப்பது வழக்கம். வினை உண்டு, செய்தவர் இல்லை. தமிழ்ச் செய்தி நடையில் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்னும் தொடரும், 'படு' துணைவினையால் அமையும் செயப்பாட்டு வினையும் இதே பணியைச் செய்ய வல்லன. 'மூவர் கொல்லப்பட்டனர்' என்பது தமிழில் நிறைவான வாக்கியம். கொன்றவரை அது கேட்பதில்லை. வெல்ஸின் உரைநடையைப் பெயர்ப்போர் மூலத்தில் செய்வினையாக நிற்பதைச் செய்தி நடைப் பழக்கத்தால் செயப்பாட்டு வினையாக்கிவிட்டால், அவர் மீட்டெடுத்த எழுவாய் மீண்டும் மறைந்துவிடும்.

6. தமிழாக்கத்தில் எழும் தேர்வுகள்

6.1 இடப்பெயர்

ஆங்கிலத்தின் படர்க்கைப் பெண்பால் ஒருமைப் பெயர் மதிப்பையோ இழிவையோ தன்னளவில் காட்டுவதில்லை. மதிப்பைப் பெயர்முன் வரும் 'திருமதி' போன்ற அடை காட்டும். தமிழில் 'அவள்' பாலைக் காட்டும், ஆனால் அச்சு நடையில் மதிப்பைக் குறைக்கும். 'அவர்' மதிப்பைக் காட்டும், ஆனால் பாலை மறைக்கும். மதிப்பும் பாலும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. வினைமுற்றின் ஈறும் இதே தேர்வைக் கோருவதால் எந்த வாக்கியத்திலும் இதிலிருந்து தப்ப வழியில்லை. ஹோசாக் வழக்குச் செய்தியைப் பெயர்ப்பவர் 'அவள் அழவில்லை' என எழுதினால் குற்றவாளியையும், 'அவர் அழவில்லை' என எழுதினால் மதிப்புக்குரிய ஒருவரையும் படிப்போர் முன் நிறுத்துகிறார். மூலம் கூறாத ஒரு தீர்ப்பை ஓர் எழுத்து கூறிவிடுகிறது. இக்கட்டுரை குற்றம் சாட்டப்பட்டோரை 'அவர்' எனச் சுட்டுவதும் ஒரு தேர்வே.

ஆயினும் 'அவர்' என்பதே எங்கும் சரியானது என விதி வகுக்க இயலாது. பேச்சு வழக்கில் 'அவ' என்பது இழிவாகவும் அமையும், நெருக்கமாகவும் அமையும். நாடகத்தில் திருமதி ஹேல் தம் இளமைக்கால அறிமுகத்தை நினைவுகூரும்போது 'அவ' என்பதே உறவின் சொல். அதே வடிவம் அரசு வழக்குரைஞர் வாயில் வருமாயின் அது அதிகாரத்தின் சொல். ஆகவே பெயர்ப்பாளர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனியே இடப்பெயரை வரையறுக்க வேண்டும். காவல் அலுவலரின் மனைவி தொடக்கத்தில் 'அவங்க' என்று தொடங்கி, கூண்டையும் பறவையையும் கண்டபின் 'அவ' என்பதற்கு மாறுவாராயின், ஆங்கிலத்தில் வேறு வழிகளால் காட்டப்பட்ட மனமாற்றத்தைத் தமிழ் தன் சொந்த இலக்கணத்தால் காட்டும் வாய்ப்புப் பெறுகிறது.

6.2 தலைப்புகள்

நாடகத்தின் தலைப்பு, பெண்கள் அற்பமானவற்றைப் பற்றிக் கவலைப்படுவதே வழக்கம் என ஓர் ஆண் கூறும் இடத்திலிருந்து பிறந்தது. 'அற்பங்கள்' என்னும் சொல் மதிப்பீட்டைக் கூறி முடித்துவிடுகிறது. 'துச்சம்' என்பதும் அத்தகையதே. 'சில்லறை' என்னும் சொல்லில் மதிப்புக் குறைவும் உண்டு, எண்ணிக்கையும் உண்டு. சில்லறை சேர்ந்தால் தொகையாகும். சிறு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து சான்றாகும் நாடக அமைப்புக்குச் 'சில்லறைச் சங்கதிகள்' என்பது நெருங்கி வருகிறது.

சிறுகதையின் தலைப்பு மேலும் சிக்கலானது. ஒருவர் தம்மை ஒத்தவரால் விசாரிக்கப்பட வேண்டும் என்னும் பழைய சட்டத்தொடர் ஆங்கிலத்தில் ஆண்பாற் பெயரோடு வழங்கிவந்தது. கிளாஸ்பெல் அதனைப் பெண்பாலாக மாற்றினார். கதையின் வாதம் முழுதும் அந்த ஒரு மாற்றத்தில் அடங்கியுள்ளது. தமிழில் 'தன்னை ஒத்தோர்' என்றால் 'தன்' பால் காட்டாது. 'ஒத்தோர்' என்னும் பலர்பாற் சொல்லும் ஆண் பெண் வேறுபாடு காட்டாது. இயல்பான தமிழ் இங்கே மூலத்தின் கூர்மையை மழுக்குகிறது. 'அவளை ஒத்தோர்' என்பது சற்றே முரடாக ஒலித்தாலும் கூர்மையைக் காக்கிறது. 'ஜூரி' என்னும் சொல்லைப் பொறுத்தவரை, அம்முறை இந்தியக் குற்றவியல் நீதிமன்றங்களில் வழக்கொழிந்துவிட்டதால், 'நடுவர்' என்னும் தமிழ்ச்சொல் பட்டிமன்றத்தையும் விளையாட்டையும் நினைவூட்டும். 'ஜூரி' என்றே வைத்துக்கொள்வதில் தவறில்லை.

6.3 முடிச்சு

துண்டுத் துணிகளை இணைத்துச் செய்யும் போர்வையின் அடுக்குகளைத் தைத்து இணைக்கலாம், முடிச்சிட்டும் இணைக்கலாம். மின்னி எவ்வழியைக் கொண்டிருப்பார் என்னும் வினாவை ஆண்கள் கேலியாகக் கேட்கின்றனர். நாடகம் முடிச்சு என்னும் தொழிற்சொல்லோடு முடிகிறது. அது கயிற்றின் முடிச்சையும் சுட்டும். ஆங்கிலத்தில் அதன் ஒலி எதிர்மறைச் சொல்லின் ஒலியோடு ஒன்றுபடும். அந்த ஒலி ஒற்றுமை தமிழில் இல்லை. ஆனால் தமிழ் 'முடிச்சு' வேறு பொருள்களைத் தாங்கி வருகிறது. மூன்று முடிச்சு திருமணத்தைக் குறிக்கும். முடிச்சை அவிழ்த்தல் மருமத்தை விடுவித்தலைக் குறிக்கும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுதல் பொருந்தாத தொடர்பு கற்பித்தலைக் குறிக்கும். திருமணம், கொலை, நோக்கத்தைத் தேடும் வழக்குரைஞரின் முயற்சி ஆகிய மூன்றும் ஒரு சொல்லுக்குள் அமைவதால், பெயர்ப்பாளர் அடிக்குறிப்பால் ஆங்கிலச் சிலேடையை விளக்க வேண்டிய தேவை எழவில்லை. 'முடிச்சு' என்னும் சொல் நாடகத்தின் தொடக்கம் முதலே அளவாக இடம்பெற்று, இறுதிச் சொல்லாக வருமாறு அமைத்தால் போதுமானது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிபுகளைப் பெறலாம். தொடக்ககாலப் பெண் இதழாளர்கள் குற்றச்செய்தியின் மொழியைப் புதிதாகப் படைக்கவில்லை. தமக்கு முன்பே இருந்த மொழிக்குள் நுழைந்தனர். அம்மொழி கிளாஸ்பெல்லின் தொடக்கச் செய்திகளிலும் ஃபோர்ப்ஸின் வருணனைகளிலும் அவர்களைப் பயன்படுத்திக்கொண்டது. அதிலிருந்து விலகியோர் மூன்று வழிகளைக் கண்டனர். கிளாஸ்பெல் உடலை நீக்கி அறையைச் சான்றாக்கினார். வாட்கின்ஸ் செய்தியையே குற்றவாளியாக்கினார். வெல்ஸ் குற்றம் சாட்டியோரின் சொற்களையே தொகுத்துச் சான்றாக்கினார். இம்மூன்றனுள் நாடக மேடையின் துணையின்றி, இதழியலின் கருவிகளைக் கொண்டே நிகழ்ந்தது வெல்ஸின் வழி. 2020-இல் அவருக்கு வழங்கப்பட்ட புலிட்சர் சிறப்புப் பாராட்டு, அவர் இறந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது.

இவ்வெழுத்துகளைத் தமிழாக்குவோர் பொருளைப் பெயர்த்தால் மட்டும் போதாது. யார் யாரை எவ்வாறு சுட்டுகிறார், எவ்வினைக்கு யார் எழுவாய், எச்சொல் யார் வாயில் வருகிறது என்னும் மூன்றனையும் பெயர்க்கத் தொடங்கும் முன்பே வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். இவ்வரையறை அயல்நாட்டு நாடகங்களுக்கு மட்டும் உரியதன்று. நாள்தோறும் ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் குறிப்புகளைத் தமிழில் பெயர்க்கும் துணையாசிரியர் ஒருவர், குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிய வரிக்கு 'ஆள்' ஈறா 'ஆர்' ஈறா எனச் சில நொடிகளில் முடிவு செய்கிறார். வழக்கு விசாரணைக்கு வர ஆண்டுகள் ஆகலாம். அந்த ஈறு மறுநாள் காலையிலேயே வீடுகளுக்குச் சென்று சேர்ந்துவிடுகிறது.